தீ சுடாத கால்

எங்கள் பழைய வார்டுக்குப் புதுக் கட்டில் வந்திருக்கிறதாம். பொத்தானை அழுத்தினால் அதுவே ஆளை மெல்ல இடப்பக்கம் சாய்க்குமாம், கொஞ்ச நேரம் கழித்து வலப்பக்கம் சாய்க்குமாம். நர்ஸுகளின் வாட்ஸ்அப் குழுவில் அதைப் படம் எடுத்துப் போட்டு, "ஃபிலோ அக்கா, முதுகெலும்பு கேஸையெல்லாம் நீங்க கையாலயே எப்படித்தான் திருப்பினீங்க? ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கலா" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். நான் ஓய்வு பெற்றுக் கெலுகோரில் வீட்டோடு கிடக்கிறேன். வேலை இல்லாதவள்தானே, உட்கார்ந்து எழுதித் தள்ளட்டும் என்ற நினைப்பு இதுகளுக்கு.

சரி, எழுதுகிறேன். புதுக் கட்டில் வந்ததில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. எங்கள் இடுப்பெல்லாம் போனது போதும். ஆனால் கட்டிலைப் பற்றி எழுதச் சொன்னாலும் நான் காலைப் பற்றித்தான் எழுதுவேன். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சீருடைக்குக் கஞ்சி போட்டோம், பெட்ஷீட்டின் மூலையை மடிக்கக் கற்றுக்கொண்டோம், பெட்பேன் கழுவினோம், குளியலறையில் போய் அழுதோம், பாஸ் பண்ணினோம். என் அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். பிறகு ஜார்ஜ்டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஆண்கள் எலும்பு வார்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மோட்டார் சைக்கிளில் விழுந்து தொடை உடைந்தவர்கள், மெஷினில் கை நசுங்கியவர்கள், இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி முற்றிக் காலில் புண் வந்தவர்கள். வந்த புதிதில் மாற்றல் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். கேட்க விடாமல் செய்தவர் சிஸ்டர் லிம்.

சிஸ்டர் லிம் எங்கள் வார்டின் தலைமை நர்ஸ். குட்டையான சீனப் பெண்மணி. எங்களிடம் மலாயில் பேசுவார், டாக்டர்களிடம் ஆங்கிலத்தில், தமிழ் நோயாளிகளுக்கென்று சில தமிழ்ச் சொற்களும் வைத்திருந்தார். "வலிக்குதா", "மூச்சு இழு", "அசையாத". கோபம் வந்தால் எல்லாருக்கும் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். காதுக்குப் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார் என்றால் அன்றைக்கு நம் பாடு அவ்வளவுதான். சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். கிசுகிசுப்பவரை என்ன செய்வது?

அவரிடம் ஒரு பழக்கம். புது நோயாளி வந்தால் தலைமாட்டுக்குப் போக மாட்டார். நேராகக் கால்மாட்டுக்குப் போய், போர்வையை விலக்கி, இரண்டு பாதத்தையும் இரண்டு உள்ளங்கையால் பிடிப்பார். சூடா, குளிர்ச்சியா, இரண்டும் ஒரே மாதிரியா, பிடித்தது அவருக்குத் தெரிந்ததா. அதெல்லாம் ஆன பிறகுதான் காலை வணக்கம், பெயர் என்ன, எந்த ஊர். பெரிய டாக்டர் வந்து நின்றாலும் பாதத்தைப் பிடித்து முடிக்கும்வரை அவரும் காத்திருக்க வேண்டியதுதான். ஏன் சிஸ்டர் என்று ஒருமுறை கேட்டேன். "மனுஷனுக்கு முகத்தைச் சரிபண்ணிக்கத் தெரியும் ஃபிலோ. காலைச் சரிபண்ணிக்கத் தெரியாது" என்றார்.

ஆளைத் திருப்புவதிலும் அப்படித்தான். முதுகெலும்பு கெட்டவரைத் திருப்பும்போது தலை, தோள், இடுப்பு, கால் எல்லாம் ஒரே சமயத்தில் திரும்ப வேண்டும், மரக்கட்டையைப் புரட்டுகிற மாதிரி. ஒரு இடம் முந்தினால் உள்ளே நரம்புக்கு ஆபத்து. நான்கு பேர் நிற்போம். தலையைப் பிடிப்பவர்தான் எண்ணுவார். நாங்கள் மலாய், சீனம், தமிழ் என்று கலந்து கிடந்த கூட்டம், ஆனாலும் எண்ணுவது மட்டும் எப்போதும் மலாயில்தான். சத்து, டுவா, தீகா. தீகா சொல்லும்போது எல்லாக் கையும் நகர வேண்டும். நல்ல வாட்டசாட்டமான உதவியாள் ஒருவர், டுவா சொல்லும்போதே இழுத்துவிட்டார். நோயாளி முனகினார். சிஸ்டர் லிம் திட்டவில்லை. அன்று மத்தியானம் காலிக் கட்டிலில் அந்த உதவியாளையே படுக்கவைத்து, எங்களை விட்டுத் திருப்பச் சொன்னார். "ஃபிலோ, நீ டுவாவிலேயே இழு" என்று காதில் சொன்னார். இழுத்தேன். பாவம், கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர்தான், அதன் பிறகு தீகாவுக்கு முன்னால் மூச்சுகூட விட மாட்டார்.

சண்முகம் அண்ணன் எங்கள் வார்டுக்கு வந்தது சிஸ்டர் லிம் ஓய்வு பெறப்போகும் வருஷத்தில்.

பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர் அவர். ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி இறக்குவது. கனத்த உடம்பு, கனத்த மீசை, ஆனால் பேச்சு மெத்தென்று இருக்கும். அவர் மனைவி தனம் அக்கா, லிட்டில் இந்தியாவில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விற்பவர். வாடிக்கையாளரிடம் பேசிப் பேசி வந்த வாய், என் வாய்க்கே சவால்விடும். அண்ணன் அந்த வருஷத் தீமிதியில் இறங்கியிருந்தார். தீமிதிக் கொப்புளத்தோடு வருஷா வருஷம் ஒன்றிரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு வருவது வழக்கம்தான். மருந்து போட்டு அனுப்பிவிடுவார்கள். இவருக்கு இரண்டு உள்ளங்காலும் தோலுரிந்து சீழ் வைத்துவிட்டதால், கால் புண் என்று எங்கள் வார்டில் படுக்கவைத்தார்கள். திருவிழா முடிந்து கோயிலில் காப்பு அவிழ்ப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டதால், மணிக்கட்டில் மஞ்சள் காப்பு அப்படியே இருந்தது. கூடவே முதுகுவலியும் இருக்கிறது என்றார். பல மாதமாக இருக்கிறதாம். "பஸ் சீட்டு சரியில்ல மிஸி, அதான்" என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். எங்கள் ஊரில் நர்ஸை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

முந்தின ராத்திரி அவரைச் சேர்த்தபோது சிஸ்டர் லிம் டியூட்டியில் இல்லை; காலையில் சிஸ்டர் வந்து பாதத்தைப் பிடிப்பதற்குள் நான் டிரெஸ்ஸிங் பண்ண உட்கார்ந்துவிட்டேன். வெந்த தோலை இடுக்கியால் பிடித்து உரிக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட ஆம்பளையும் அதற்கு அம்மா அப்பா என்று கூரையைப் பார்ப்பார். இவர் பாயான் லெப்பாஸ் பாலத்துப் பக்கம் ஆகிற ஜாம் பற்றி எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஒரு கால் முடித்துவிட்டு மறு காலை எடுக்கும்போது, "ஆரம்பிச்சிட்டீங்களா மிஸி?" என்றார்.

என் கை நின்றுவிட்டது.

"வலிக்கலையா அண்ணே?"

"இல்லையே. இந்த வருஷம் அப்படித்தான். குழியிலயே சுடலை. பூ மேல நடந்த மாதிரி இருந்துச்சு."

தனம் அக்காவுக்கு அதுபோதும். ஹேண்ட்போனை எடுத்துவிட்டார். "இங்க பாருங்க மிஸி. எல்லாரும் ஓடுறாங்க, என் வீட்டுக்காரரு மட்டும் எப்படிப் போறாரு பாருங்க. அம்மா குளுமையாக்கிக் கொடுத்தா. கோயில்ல எல்லாரும் இவரு காலத் தொட்டுக் கும்பிட்டாங்க." வீடியோவில் பூக்குழி தணலாய்க் கிடந்தது. முன்னால் போகிறவர்கள் விறுவிறுவென்று கடந்து பால்குழியில் காலை வைக்கிறார்கள். அண்ணன் மட்டும் தலையில் கரகத்தோடு, மெதுவாக, ஒவ்வொரு அடியாக வைத்துப் போகிறார். சுற்றி நிற்பவர்கள் கை தூக்குகிறார்கள். பார்க்கும்போது எனக்கே மேல் சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

சிஸ்டர் லிம் எனக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். இன்னொரு தரம் போடச் சொன்னார். பார்த்துவிட்டு என் காதில், "கண் எங்கே இருக்கிறது பார்" என்றார். அண்ணனின் கண் எதிரே இருந்த அம்மன் மேல் இல்லை. குழியைக் கடக்கும்வரை தன் பாதத்தையே குனிந்து பார்த்துக்கொண்டு நடக்கிறார். கரகம் சாய்கிறது, கையால் பிடிக்கிறார், அப்போதும் பார்வை காலைவிட்டு எடுபடவில்லை. கால் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியாதவர்கள்தான் அப்படிப் பார்த்துப் பார்த்து வைப்பார்கள். எங்கள் வார்டில் அந்த நடையை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

"இனிப்பு நீர் இருக்கா?" என்று கேட்டார் சிஸ்டர். இல்லை. இரத்தம் எடுத்துப் பார்த்ததிலும் இல்லை. இனிப்பு நீர் இல்லாதவருக்கு இரண்டு காலும் மரத்துப்போகிறது, கூட முதுகுவலி. சிஸ்டர் லிம் மேசையிலிருந்து பஞ்சும் ஊசியும் பேனாவும் எடுத்துவரச் சொன்னார்.

இந்தச் சோதனையை இன்றைய பிள்ளைகள் அவசர அவசரமாகச் செய்கிறார்கள். அவர் செய்ததைச் சொல்கிறேன். முதலில் நோயாளியின் கன்னத்தில் ஊசியைத் தொட்டு, "கூர் இப்படி இருக்கும்" என்று காட்டுவார். கண்ணை மூடச் சொல்வார். பெருவிரலில் தொடங்கி, பாதம், கணுக்கால், முழங்கால், தொடை என்று மேலே வருவார். ஒரே தாளத்தில் குத்த மாட்டார், தாளம் பிடிபட்டால் நோயாளி உணராமலேயே ஆமாம் போடுவாராம். சில சமயம் குத்தாமலேயே கேட்பார். எங்கே முதல்முதலாகக் கூர் தெரிகிறதோ அங்கே தோலில் பேனாவால் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டுக்கு மேலே உணர்ச்சி, கீழே மரமரப்பு. மறுநாள் மறுபடி பார்ப்பார். கோடு இறங்கினால் நல்லது. ஏறினால் முதுகெலும்புக்குள் எதுவோ நரம்பை நெரிக்கிறது, நேரம் இல்லை என்று அர்த்தம்.

சண்முகம் அண்ணனுக்குக் கோடு தொப்புளுக்குக் கீழே விழுந்தது.

சிஸ்டர் டாக்டரைக் கூப்பிடப் போனார். நான் கால் கழுவுவதை முடிக்க உட்கார்ந்தேன். வலது குதிகாலில், வெந்த தோலுக்குக் கொஞ்சம் தள்ளி, கறுப்பாக ஒரு திட்டு. கரி ஒட்டியிருக்கிறது என்று துடைத்தேன். போகவில்லை. இன்னொரு தரம் துடைத்தேன். ஓரம் மை கசிந்த மாதிரி கோணல்மாணலாக இருந்தது, நடுவில் சின்னதாக ஒரு மேடு.

"அது போகாது மிஸி," என்றார் தனம் அக்கா. "அது அம்மா வச்ச திருஷ்டிப் பொட்டு."

பச்சைப்பிள்ளைக்குக் கண் படாமலிருக்க உள்ளங்காலில் மைப் பொட்டு வைப்போம் இல்லையா, அதைப் போல அம்மன் இவருக்குத் தீயில் வைத்துவிட்டாளாம். ஒரு வருஷம் மிதித்துவிட்டு வந்து கால் கழுவும்போது முதலில் கண்ணில் பட்டதாம். கடுகளவு இருந்தது வருஷா வருஷம் பெருத்தது. பெருக்கப் பெருக்க இவர்களுக்குச் சந்தோஷம். கோயிலில் காட்டி, விபூதி பூசி, கும்பிட்டு வைத்திருந்தார்கள். "டாக்டர்கிட்டக் காட்டிருவோம்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், குதிகாலிலிருந்து சின்னத் துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முதுகெலும்பு டாக்டர் ஹாஃபிஸ் சின்ன வயசுக்காரர், எப்போதும் தூக்கம் போதாத கண், ஆனால் நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து பேசுகிற குணம் அவருக்கு உண்டு. அப்படி உட்கார்ந்துதான் சொன்னார். காலில் இருப்பது பொட்டு இல்லை, தோலில் வருகிற ஒரு புற்றுநோய், மெலனோமா என்று பெயர். நம்மைப் போன்ற நிறத்துக்காரர்களுக்கு அது வருவதே அபூர்வம், வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் பார்க்காத இடத்தில்தான் வரும். அது முதுகெலும்புக்குப் பரவி, உள்ளே போகிற நரம்பை நெரிக்கிறது. உடனே ஆபரேஷன் செய்து நெரிப்பை எடுத்தால் கால் மிஞ்ச வாய்ப்பு இருக்கிறது. தாமதித்தால் கால் போய்விடும், போனது திரும்பாது. நோயை முழுதாக எடுக்க முடியாது, அதையும் மறைக்காமல் சொன்னார்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்" என்றார்.

மறுநாள் கோடு தொப்புளுக்கு மேலே வந்துவிட்டது. சிறுநீருக்குக் குழாய் வைக்கும்படி ஆனது. கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது, நாலு பேர் சேர்ந்து சத்து, டுவா, தீகா என்று திருப்பினோம். அப்போதும் அவர் கையெழுத்துப் போடவில்லை.

ஏன் என்று தனம் அக்கா சொல்லித்தான் தெரியும். அவர்களுக்கு ஒரே மகள், கவிதா. சின்ன வயதில் டெங்கி வந்து, பிழைக்க மாட்டாள் என்று கைவிட்ட நிலையில், "என் மகளை எழுப்பிக் கொடு, உயிர் இருக்கிற வரைக்கும் உன் குழியில இறங்குறேன்" என்று இவர் வேண்டிக்கொண்டிருக்கிறார். அவள் எழுந்தாள். இவரும் ஒரு வருஷம்கூட விடாமல் இறங்கினார். கவிதா இப்போது கல்யாணமாகி, வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள். முதுகை வெட்டி, கால் போய்விட்டால் வாக்குத் தவறும். வாக்குத் தவறினால் அது அந்தப் பிள்ளை தலையில் விடியும். இதுதான் அவர் பயம். "இந்த வருஷம் சுடாமக் காப்பாத்தினவ கால மட்டும் விட்ருவாளா? அவ பாத்துக்குவா. அதுல கத்திய வைக்கக் கூடாது" என்றார் தனம் அக்கா. கோயில்காரர்களும் பழத்தட்டோடு வந்து, கட்டுப் போட்ட காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டோர் அறையில் சிஸ்டர் லிம்மிடம் போய்க் கொட்டினேன். "நான் போய் மூஞ்சிக்கு நேரா சொல்லிடவா சிஸ்டர்? சுடாததுக்குக் காரணமே அந்தக் கட்டிதான்னு?"

அவர் குரல் இறங்கியது. "கேட்காத ஆளிடம் அதைச் சொல்லாதே. அது அவர் சாமி. ஆனால் அவர் கேட்பார். உன்னைத்தான் கேட்பார், உன் பாஷைதான் அவர் பாஷை. கேட்டால் ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்லு." அப்புறம், "போய் டிரெஸ்ஸிங் பண்ணு" என்றார்.

போய் உட்கார்ந்தேன். தனம் அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் கேட்டார்.

"மிஸி, ஒண்ணு கேப்பேன். சுத்தி வளைக்காமச் சொல்லணும்."

"என் வாயப் பத்தி வார்டுல கேட்டுப் பாருங்கண்ணே. அதுக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. "அன்னைக்குக் குழியில ஒரு துளி கூடச் சுடலை. அது அம்மாவா? இல்ல முதுகுல இருக்கே, இதுவா?"

என் சீருடைப் பையில் ஜெபமாலை இருந்தது, அவர் கையில் காப்பு இருந்தது. நான் வேறு கோயில்காரி. இவர் சாமியை இவரிடமிருந்து பிடுங்க நான் யார் என்று நினைத்தேன். பொய் சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. அவர் வயிற்றில் பேனாக் கோடு நேற்றைவிட மேலே இருந்தது.

"முதுகுல இருக்கிறதுதான்ணே," என்றேன்.

தனம் அக்கா ஆரஞ்சைத் தட்டில் வைத்தார். "வேதக்காரங்களுக்கு எங்க அம்மாவப் பத்தி என்ன தெரியும்?" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சுருக்கென்றுதான் இருந்தது. "எனக்குத் தெரியாதுதான்க்கா" என்றேன்.

அண்ணன் மேலே சுற்றும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார், யாரிடமும் சொல்லாததைச் சொல்கிற மாதிரி. "வருஷா வருஷம் சுடும் மிஸி. நல்லாச் சுடும். செருப்புப் போட முடியாது, கிளட்ச் மிதிக்க முடியாது. ஆனா வெளில சொல்ல முடியாதுலா. சுட்டுச்சுன்னா விரதம் சரியில்லம்பாங்க, மனசு சுத்தமில்லம்பாங்க. இவகிட்டக்கூடச் சொன்னதில்ல. வீட்டுக்குப் போயி, பாத்ரூம்ல பைப்பத் திறந்துவிட்டு உக்காந்திருப்பேன். என்ன தப்புப் பண்ணோம், ஏன் நம்மளச் சேத்துக்க மாட்டேங்கிறான்னு நெனப்பேன். இந்த வருஷம் சுடலை. அப்பாடா, சேத்துக்கிட்டான்னு குழியவிட்டு ஏறி அழுதேன்." கண்ணோரம் வழிந்தது. "அப்ப அதுவும் இல்ல."

இத்தனை வருஷம் கூட இருந்தும் தனம் அக்காவுக்கே அது புதுச் செய்தி.

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. வாயில் வந்ததைத்தான் கேட்டேன். "அண்ணே, கவிதா பிழைச்சு எழுந்தாளே, அந்த வருஷம் சுட்டுச்சா, சுடலையா?"

"அதுதான் முத வருஷம்," என்றார். "அப்பத்தான் ரொம்பச் சுட்டுச்சு."

"சுட்டப்பவும் முழுசா நடந்துதானே வந்தீங்க?"

"நடந்தேன்."

"அத இந்தக் கட்டி செய்யலையே."

நான் கட்டுப்போட்டு முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு எழும்போது, "டாக்டர வரச் சொல்லுங்க மிஸி" என்றார்.

அன்றே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். தியேட்டருக்குப் போகிறவர் உடம்பில் நூலோ நகையோ இருக்கக் கூடாது என்பது சட்டம். அந்தக் காப்பை வெட்டத்தான் வேண்டும் என்று நான் கத்தரியை எடுத்தேன். சிஸ்டர் லிம் என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, காப்பின் மேல் அகலமாகப் பிளாஸ்டர் ஒட்டி, தியேட்டர் நர்ஸிடம், "இது இருக்கட்டும், நான் பொறுப்பு" என்று கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசுப்புக்குப் பிறகு தியேட்டரில் யாரும் வாய் திறக்கவில்லை.

முதுகில் கம்பி போட்டுத் திரும்பி வந்தார். அதன் பிறகு எங்களுக்கெல்லாம் ஒரே வேலை, கோடு. தேநீர் நேரத்தில்கூடக் கோடு எங்கே என்றுதான் பேச்சு. வந்த அன்று நெஞ்சுக்கூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அடுத்த நாளும் அசையவில்லை. டாக்டர் ஹாஃபிஸ் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு தொப்புளுக்கு வந்தது. பிறகு தொடைக்கு. முழங்காலில் வந்து அடம்பிடித்துக்கொண்டு நின்றது. பழைய கோட்டையெல்லாம் அழிக்க வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால், அண்ணன் வயிறு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அளவுகோல் மாதிரி ஆகிவிட்டது. தனம் அக்கா இத்தனை நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வந்தால் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார். நானும் வலியப் போய்ப் பேசவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

ஆள் பிழைத்தாரா என்று கேட்பீர்கள். இல்லை. கால் திரும்பியது, நோய் போகவில்லை. கதிர்வீச்சு வைத்தியம் கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு எங்கள் வார்டிலிருந்து தானே நடந்து வீட்டுக்குப் போனார், அதை நாங்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தோம். வீட்டுக்குள்ளேயே கொஞ்ச காலம் நடமாடினார். கவிதாவின் பிள்ளையைக் கையில் வாங்கினார். அடுத்த தீமிதிக்கு அவர் இல்லை. துக்கத்துக்குப் போனபோது தனம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச வேண்டியதெல்லாம் வார்டிலேயே முடிந்துபோயிருந்தது.

நான் சொல்ல வந்தது அவர் வார்டில் இருந்தபோதே, கோடு முழங்காலில் நின்ற சில நாளுக்குப் பிறகு நடந்தது. வழக்கம்போலக் காலையில் தட்டோடு போனேன். தனம் அக்கா எழுந்திருக்கப் போனார், என்னவோ உட்கார்ந்துவிட்டார். கால்மாட்டில் சிஸ்டர் லிம் பேனாவோடு நின்றார். அண்ணன் தன் பஸ்ஸை இப்போது யாரோ ஒரு பையன் ஓட்டுகிறானாம், கியர் போடத் தெரியவில்லையாம் என்று குறைபட்டுக்கொண்டிருந்தார். நான் கட்டைப் பிரித்து, உப்புத்தண்ணீர் விட்டு, இடுக்கியால் ஒரு ஓரத்தைப் பிடித்தேன்.

பேச்சு பாதியில் நின்றது. கால் என் கையிலிருந்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

"மிஸி," என்றார். "எரியுது."

"எந்தக் கால்ணே?"

"ரெண்டும். எரியுது மிஸி. அதே மாதிரி எரியுது." அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, மீசையெல்லாம் நனைந்துவிட்டது. சிஸ்டர் லிம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தனம் அக்காவுக்கு எரியுது என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்திருக்கும். பதறிப்போய் வந்து, கட்டிலின் ஓரத்தில் மண்டிபோட்டு, அவருடைய இரண்டு பாதத்தையும் கையில் ஏந்தி, பிள்ளைக்கு ஊதுகிற மாதிரி ஊத ஆரம்பித்தார்.

அண்ணன் கையை நீட்டி அவர் தலையைத் தொட்டார்.

"ஊதாத தனம்," என்றார். "கொஞ்ச நேரம் எரியட்டும்."